இயங்காத வெப்கமரா: பழுதைப் படிப்படியாகக் கண்டறிதல்

க.பொ.த. (சாதாரண தரம்) – தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
தொடர்புடைய பகுதிகள்: உள்ளீட்டுச் சாதனங்கள், துறைகள், பணிசெயல் முறைமை, போலிக் குறிமுறை, தகவல் பாதுகாப்பு

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால் பின்வருவனவற்றைச் செய்ய முடிதல் வேண்டும்.

• வெப்கமராவில் இருந்து திரை வரை படம் செல்லும் பாதையை விளக்குதல்
• பழுது வன்பொருளிலா மென்பொருளிலா என வேறுபடுத்தி இனங்காணல்
• செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவுள்ள சோதனை வரை ஒழுங்காகச் செல்லுதல்
• அச்சோதனை ஒழுங்கைப் போலிக் குறிமுறையாக எழுதுதல்

1. அறிமுகம்

மாணவர்களே, பாடத்தைத் தொடங்குமுன் ஒரு சம்பவத்தைக் கூறுகிறேன். 2021 ஆம் ஆண்டு பாடசாலைகள் அடிக்கடி மூடப்பட்டிருந்த காலம். என்னிடம் படித்த மாணவி ஒருவரின் வீட்டுக் கணினியில் வெப்கமரா திடீரென நின்றுவிட்டது. நிகழ்நிலை வகுப்புகளுக்கு அதுவே துணை. வெளிநாட்டில் வேலை செய்த தந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்ப்பதும் அதனூடாகத்தான். மாணவி முதலில் தொலைபேசியில் என்னைத்தான் கேட்டார். நான் கலைப் பட்டதாரி. கணினியைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன் அல்லன். "தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கணினிப் பெட்டியை மட்டும் பழுதுபார்க்கும் இடமொன்றுக்குக் கொண்டு போனார்கள். கமரா வீட்டிலேயே இருந்தது. அங்கே வன்தட்டை ஃபோமட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கமராவை முன்பு செருகிய அதே இடத்தில் செருகினால், படம் வரவில்லை. ஆனால் இரண்டு வருடக் குறிப்புகளும், குழுச் செயற்றிட்டமும், அம்மம்மாவின் கடைசிப் பிறந்தநாள் படங்களும் அழிந்துபோயிருந்தன. வேறு பிரதி எங்கும் இருக்கவில்லை.

அடுத்த வாரம் நான் அந்த வீட்டுக்குப் போனபோது, கமராவின் வடத்தைப் பெட்டியின் முன்பக்கத் துறையில் இருந்து கழற்றிப் பின்பக்கத் துறையில் செருகிப் பார்த்தேன். படம் வந்தது. முன்பக்கத் துறைதான் பழுதாகி இருந்தது. அந்தச் சோதனைக்கு எடுத்த நேரம் ஒரு நிமிடமும் இல்லை. செலவு ஒரு சதமும் இல்லை. தொலைபேசியிலேயே நான் அதைச் சொல்லியிருக்கலாம்.

எனவே இப்பாடத்தின் முதலாவது கருத்தை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: பழுது எங்கே உள்ளது என்று அறியுமுன் எதனையும் அழிக்கவோ வாங்கவோ கூடாது.

2. வெப்கமரா என்பது யாது?

வெப்கமரா ஓர் உள்ளீட்டுச் சாதனம் ஆகும். அது ஒளியை இலக்கமுறைத் தரவாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. மடிக்கணினிகளில் திரையின் மேல் விளிம்பில் உள்ளமைந்து காணப்படும். மேசைக் கணினிகளில் பெரும்பாலும் யுஎஸ்பி துறையில் வெளியே இருந்து இணைக்கப்படும். உள்ளமைந்த கமராக்களும் பெரும்பாலும் உள்ளே யுஎஸ்பி வழியாகவே இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே இரண்டுக்கும் சோதனை ஒழுங்கு ஏறத்தாழ ஒன்றே.

அறிந்துகொள்வோம்: 1991 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில் இருந்தவர்கள், வேறொரு அறையில் இருந்த கோப்பிக் குவளையில் கோப்பி இருக்கிறதா எனத் தம் மேசையில் இருந்தே பார்ப்பதற்கு ஒரு கமராவைப் பொருத்தினர். 1993 இல் அப்படம் உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. 2001 இல் அது நிறுத்தப்பட்டது. வீட்டுப் பாவனைக்கான வெப்கமராவான குயிக்காம் 1994 இல் சந்தைக்கு வந்தது.

3. படம் செல்லும் பாதை

பழுதைக் கண்டறிய விரும்புபவர் முதலில் பாதையை அறிந்திருத்தல் வேண்டும். கிணற்றில் இருந்து வீட்டுக் குழாய் வரை தண்ணீர் வரும் வழியை எண்ணிப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கிணறு வற்றியதா, மோட்டர் நின்றதா, குழாய் உடைந்ததா, வாயில் பூட்டியிருக்கிறதா என ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எடுத்தவுடன் புதுக் கிணறு வெட்டமாட்டோம். வெப்கமராவிலும் அவ்வாறே ஏழு இடங்கள் உள்ளன.

(1) வில்லை – ஒளியைக் குவிக்கும்.
(2) உணரி – ஒளியை மின்சைகையாக மாற்றும். இக்காலக் கமராக்களில் பெரும்பாலும் சீமொஸ் வகை உணரியே உண்டு.
(3) வடமும் செருகியும் – தரவையும் மின்வலுவையும் கடத்தும்.
(4) யுஎஸ்பி துறை – கணினியின் வாசல்.
(5) சாதனச் செலுத்தி – பேச்சுவழக்கில் டிரைவர் என்பது இதுவே. பணிசெயல் முறைமைக்கும் சாதனத்துக்கும் இடையே தொடர்பை ஏற்படுத்தும் மென்பொருள்.
(6) பணிசெயல் முறைமையின் அனுமதி – எந்த மென்பொருள் கமராவைப் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும்.
(7) பிரயோக மென்பொருள் – ஸூம், இணைய உலாவி போன்றவை.

முதல் நான்கும் வன்பொருள். இறுதி மூன்றும் மென்பொருள். படம் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிப்பதே நமது வேலை.

4. சோதனையின் மூன்று விதிகள்

விதி 1: இலகுவானதையும் செலவில்லாததையும் முதலில் சோதிக்க. வடத்தைக் கழற்றிச் செருகுவதற்கு எதுவும் இழக்கவேண்டியதில்லை. ஃபோமட் செய்தால் எல்லாம் இழக்க நேரிடலாம்.

விதி 2: ஒரு தடவையில் ஒரு மாற்றம் மட்டும் செய்க. துறையையும் மாற்றி, செலுத்தியையும் மாற்றி, கணினியையும் மீள ஆரம்பித்தால், கமரா இயங்கினாலும் எதனால் இயங்கியது என்று தெரியாது. விஞ்ஞானப் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்துப் பரிசோதனை செய்வதை நினைவிற் கொள்க.

விதி 3: எழுதி வைக்க. திரையில் தோன்றிய வழுச் செய்தி, செய்த மாற்றம், கிடைத்த விளைவு ஆகிய மூன்றையும் கொப்பியில் குறித்துக்கொள்க. கடைசியில் திருத்துபவரிடம் போக நேர்ந்தாலும் அக்குறிப்பு அவருடைய நேரத்தையும் உங்கள் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

5. முதலில் அவதானிக்க வேண்டியவை

"கமரா வேலை செய்யவில்லை" என்பது போதுமான விபரம் அன்று. வைத்தியரிடம் "சுகமில்லை" என்று மட்டும் கூறுவது போன்றது. எவ்வாறு வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டும்.

(அ) முழுக் கறுப்புப் படம். கமராவின் சிறிய விளக்கு எரிகிறது. கமரா இயங்குகிறது, ஆனால் ஒளி உள்ளே செல்லவில்லை என்பதே இங்கு முதற் சந்தேகம். வில்லையின் மூடியைப் பார்க்க.

(ஆ) "கமரா இல்லை" என்ற செய்தி. கணினிக்குக் கமரா தெரியவில்லை. வடம், துறை, செலுத்தி ஆகியவற்றைப் பார்க்க. விண்டோஸின் கமரா மென்பொருளில் 4244 என்ற இலக்கங்களில் முடியும் வழுக் குறியீடு இதனையே குறிக்கும்.

(இ) "வேறு மென்பொருள் பயன்படுத்துகிறது" என்ற செய்தி. 4243 இல் முடியும் குறியீடு இதற்குரியது. மற்றைய மென்பொருளை மூடுக.

(ஈ) ஒரு மென்பொருளில் படம் வருகிறது, மற்றொன்றில் வரவில்லை. வன்பொருளில் பழுதில்லை. அனுமதியையும் அந்த மென்பொருளின் அமைப்புகளையும் பார்க்க.

(உ) படம் மங்கலாக உள்ளது. வில்லையில் தூசி அல்லது விரல் எண்ணெய் இருக்கலாம். சில மலிவான கமராக்களில் வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கையால் திருப்பியே குவியத்தைச் சரிசெய்ய வேண்டும்.

(ஊ) படத்தில் கிடைக்கோடுகள் அசைகின்றன. இது பெரும்பாலும் பழுது அன்று. இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேட்ஸ் மீடிறன் உடையது. கமரா 60 ஹேட்ஸுக்கு அமைக்கப்பட்டிருந்தால் குழல்விளக்கு வெளிச்சத்தில் இவ்வாறு தோன்றலாம். கமராவின் அமைப்புகளில் 50 ஹேட்ஸைத் தெரிவு செய்க.

6. சோதனைப் படிகள்

படி 1: மூடியும் ஆளியும்

பல மடிக்கணினிகளில் கமராவின் மேல் நகரும் சிறிய மூடி உண்டு. சிலவற்றில் பக்கத்தில் ஆளி இருக்கும். இன்னும் சிலவற்றின் சாவிப்பலகையில் கமராப் படம் பொறித்த சாவி உண்டு. தெரியாமல் அதை அழுத்தினாலே கமரா நின்றுவிடும். இவற்றை முதலில் பார்க்க. வில்லையை மென்மையான உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்க.

படி 2: மூடி மீள ஆரம்பித்தல்

கமராவைப் பயன்படுத்தக்கூடிய எல்லா மென்பொருள்களையும் மூடுக. பின் கணினியை மீள ஆரம்பிக்க. ஒரு மென்பொருள் முறையாக முடிவடையாமல் கமராவைப் பிடித்து வைத்திருந்தால் இதனால் விடுபடும்.

படி 3: வடமும் துறையும்

வெளிக்கமராவாயின் வடத்தைக் கழற்றி, வேறொரு துறையில் நேரடியாகச் செருகுக. இடையில் யுஎஸ்பி ஹப் இருந்தால் அதனை நீக்குக. மேசைக் கணினியில் முன்பக்கத் துறைகள் உள்ளே ஒரு வடத்தின் மூலம் தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டுள்ளன. அந்த இணைப்புத் தளர்ந்துவிடலாம். பின்பக்கத் துறைகள் தாய்ப்பலகையிலேயே நேரடியாக அமைந்தவை. ஆகவே பின்பக்கத்திலும் செருகிப் பார்க்க. கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் துறையின் உலோகத் தொடுகைகள் அரிக்கப்படலாம் என்பதையும் கவனிக்க. கத்தி, ஊசி என்பவற்றால் துறையைச் சுரண்டக் கூடாது.

படி 4: இடமாற்றிச் சோதித்தல்

இது மிகவும் பயனுள்ள சோதனை. கமராவை வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்க. அதன்பின் உங்கள் கணினியின் அதே துறையில் நன்கு இயங்கும் வேறொரு சாதனத்தை, உதாரணமாகச் சுட்டியை, இணைத்துப் பார்க்க. முடிவுகளைப் பின்வருமாறு விளங்கிக்கொள்ளலாம்.

• மற்றக் கணினியில் கமரா இயங்குகிறது. உங்கள் துறையில் சுட்டி இயங்கவில்லை – துறையில் பழுது.
• மற்றக் கணினியில் கமரா இயங்குகிறது. உங்கள் துறையில் சுட்டியும் இயங்குகிறது – பெரும்பாலும் செலுத்தி, அனுமதி அல்லது மென்பொருளில் பழுது.
• மற்றக் கணினியில் கமரா இயங்கவில்லை. உங்கள் துறையில் சுட்டி இயங்குகிறது – கமராவில் அல்லது அதன் வடத்தில் பழுது.

கணினிப் பெட்டியைத் திருத்தக் கொண்டுபோகும்போது கமராவையும் உடன் கொண்டுபோக வேண்டியதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

படி 5: அனுமதி

விண்டோஸ் 10 இல் செற்றிங்ஸ், பிரைவசி, கமரா என்ற ஒழுங்கில் செல்க. விண்டோஸ் 11 இல் செற்றிங்ஸ், பிரைவசி அன்ட் செக்கியூரிற்றி, கமரா என்ற ஒழுங்கில் செல்க. அங்கே மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முழுச் சாதனத்துக்குமான அனுமதி, மென்பொருள்களுக்கான அனுமதி, மேசைத்தள மென்பொருள்களுக்கான அனுமதி என்பனவே அவை. மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுவர். உலாவியில் வகுப்பு நடைபெறுமாயின் முகவரிப் பட்டையின் ஓரத்தில் உள்ள குறியைச் சொடுக்கி, அந்தத் தளத்துக்குக் கமரா அனுமதி உள்ளதா எனப் பார்க்க. முன்னொரு நாள் அவசரத்தில் "மறு" என்பதைச் சொடுக்கியிருந்தால் உலாவி அதனை நினைவில் வைத்திருக்கும். சில நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களும் கமராவைத் தடுப்பதுண்டு.

படி 6: மென்பொருளினுள் தெரிவு

கணினியில் இரண்டு கமராக்கள் இருந்தால் மென்பொருள் தவறான கமராவைத் தெரிவு செய்திருக்கலாம். மென்பொருளின் வீடியோ அமைப்புகளில் சரியான பெயரைத் தெரிவு செய்க.

படி 7: சாதன முகாமையாளர்

தொடக்கப் பொத்தானில் வலது சொடுக்குச் செய்து டிவைஸ் மனேஜர் என்பதைத் திறக்க. கமராஸ் அல்லது இமேஜிங் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் உங்கள் கமரா இருத்தல் வேண்டும். மஞ்சள் நிற அடையாளம் இருந்தால் அதனை இருமுறை சொடுக்கிக் குறியீட்டு எண்ணை வாசிக்க.

• குறியீடு 22 – சாதனம் செயலிழக்கச் செய்யப்பட்டுள்ளது. வலது சொடுக்கி மீளச் செயற்படுத்துக.
• குறியீடு 28 – செலுத்தி நிறுவப்படவில்லை.
• குறியீடு 43 – சாதனம் சிக்கலை அறிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்தியுள்ளது. கழற்றிச் செருகுக, தொடர்ந்தால் படி 4 இன் முடிவுடன் ஒப்பிடுக.
• குறியீடு 45 – சாதனம் தற்போது இணைக்கப்பட்டில்லை.

செலுத்தியில் சந்தேகம் இருந்தால், சாதனத்தை அங்கிருந்து நீக்கிவிட்டுக் கணினியை மீள ஆரம்பிக்க. பெரும்பாலான கமராக்கள் யுஎஸ்பி வீடியோவுக்கான பொது நியமத்தைப் பின்பற்றுவதால் விண்டோஸ் தானாகவே செலுத்தியை மீள நிறுவிக்கொள்ளும். அவ்வாறு நிறுவப்படாவிட்டால் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் மட்டும் செலுத்தியைப் பெறுக. அண்மையில் புதுப்பித்த செலுத்தியால் சிக்கல் வந்திருந்தால் முந்திய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் அங்கே உண்டு.

படி 8: காப்புப் பிரதியும் திருத்துநரும்

மேலே கூறிய ஏழு படிகளாலும் பயன் இல்லாவிட்டால் மட்டும் திருத்துநரிடம் செல்க. செல்லுமுன் முக்கிய கோப்புகளைப் பென்டிரைவ் அல்லது வெளி வன்தட்டில் பிரதி செய்க. "ஃபோமட் செய்ய வேண்டும்" என்று கூறப்பட்டால் "எந்தப் படியில் பழுதைக் கண்டீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்க. உடைந்த துறையையும் அறுந்த வடத்தையும் எந்த ஃபோமட்டும் ஒட்டாது.

7. ஓர் உண்மைச் சம்பவம்: 2016

பழுது எப்போதும் நம் வீட்டில்தான் இருக்கும் என்பதில்லை. 2016 ஓகஸ்ட் மாதத்தில் விண்டோஸ் 10 இன் ஆண்டு நிறைவுப் புதுப்பிப்பு வெளியானது. அதன்பின் உலகெங்கும் பலருடைய வெப்கமராக்கள் ஸ்கைப் போன்ற மென்பொருள்களில் உறைந்து நின்றன. கமராக்களில் பழுதில்லை. ஒரே கமராவைப் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தத்தக்கதாக மைக்ரோசொப்ட் நிறுவனம் அமைப்பை மாற்றியபோது, கமராவில் இருந்து சுருக்கப்பட்ட வடிவில் வரும் வீடியோ மென்பொருள்களுக்குக் கிடைக்காமற் போனதே காரணம். பின்னர் அந்நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. அப்போது புதுக் கமரா வாங்கியவர்களின் பணம் வீணானது.

இதிலிருந்து பெறும் பாடம்: "பழுது ஏற்படுமுன் கடைசியாக எது மாறியது?" என்ற கேள்வியை எப்போதும் கேட்க வேண்டும். புதுப்பிப்பா, புதிய மென்பொருளா, மேசை இடம் மாறியதா?

8. கணித்துப் பார்ப்போம்

வீடியோ ஏன் சுருக்கப்படுகிறது? கணித்தால் விளங்கும். ஒரு கமரா 640 × 480 பிக்சல் அளவுள்ள படங்களை, பிக்சலுக்கு 2 பைற் வீதம், செக்கனுக்கு 30 படங்களாக அனுப்புகிறது எனக் கொள்வோம்.

ஒரு படத்தின் பிக்சல்கள் = 640 × 480 = 307,200
ஒரு படத்தின் அளவு = 307,200 × 2 = 614,400 பைற்
ஒரு செக்கனுக்கு = 614,400 × 30 = 18,432,000 பைற்
பிற்றில் = 18,432,000 × 8 = 147,456,000 பிற், அதாவது ஏறத்தாழ 147 மெகாபிற்

யுஎஸ்பி 1.1 இன் உயர் வேகம் செக்கனுக்கு 12 மெகாபிற். யுஎஸ்பி 2.0 இன் உயர் வேகம் 480 மெகாபிற். ஆகவே இந்த வீடியோவைச் சுருக்காமல் அனுப்ப 1.1 போதாது, 2.0 போதும். ஆனால் 1280 × 720 பிக்சல் என்றால் அதே முறையில் 442 மெகாபிற் வரும். 480 மெகாபிற் முழுவதும் நடைமுறையில் வீடியோவுக்குக் கிடைக்காது. எனவே கமரா வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. ஒரே ஹப்பில் இரண்டு கமராக்களை இணைக்கும்போது ஒன்று நின்றுபோவதற்கும் இந்தக் கொள்ளளவே காரணமாகலாம். படி 3 இல் ஹப்பை நீக்கச் சொன்னதன் காரணமும் இதுவே.

9. கமராவும் தனியுரிமையும்

கமரா இயங்காமல் இருப்பது ஒரு சிக்கல். நாம் அறியாமல் இயங்குவது அதனிலும் பெரிய சிக்கல். பயன்படுத்தாத வேளையில் மூடியை மூடி வைக்க. வெளிக்கமராவாயின் கழற்றி வைக்க. நீங்கள் எதனையும் திறக்காதபோது கமராவின் விளக்கு எரிந்தால் இணைய இணைப்பைத் துண்டித்து, நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருளால் சோதித்து, வீட்டுப் பெரியவர்களிடம் கூறுக. மறைக்க வேண்டாம், அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பிறரின் கணினியை அனுமதியின்றி அணுகுதல் இலங்கையில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும்.

படி 5 இல் அனுமதி வழங்கும்போதும் இதனை நினைவிற் கொள்க. தேவையான மென்பொருளுக்கு மட்டும் அனுமதி வழங்குக.

10. போலிக் குறிமுறை

மேற்கூறிய படிகளின் சுருக்கத்தைப் பின்வருமாறு எழுதலாம்.

தொடங்குக
  அவதானிப்பைக் குறிக்க
  மூடியையும் ஆளியையும் திறக்க
  கணினியை மீள ஆரம்பிக்க
  கமரா இயங்கவில்லை எனின்
    துறையை மாற்றுக
    கமரா இயங்கவில்லை எனின்
      மற்றக் கணினியில் கமராவைச் சோதிக்க
      அங்கு இயங்குகிறது எனின்
        அனுமதி, மென்பொருள் தெரிவு, செலுத்தி என்பவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க
      இன்றேல்
        "கமராவில் அல்லது வடத்தில் பழுது" எனக் காட்டுக
      முடிவு எனின்
    இன்றேல்
      "முந்திய துறையைச் சோதிக்க" எனக் காட்டுக
    முடிவு எனின்
  முடிவு எனின்
முடிக்க

இங்கு தொடர், தெரிவு ஆகிய கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள் பயன்படுத்தப்பட்டுள்ளமையை அவதானிக்க.

11. பயிற்சி வினாக்கள்

பகுதி I

1. வெப்கமரா எவ்வகைச் சாதனம்?
(1) வெளியீட்டுச் சாதனம் (2) உள்ளீட்டுச் சாதனம் (3) சேமிப்புச் சாதனம் (4) தொடர்பாடல் ஊடகம்

2. கமராவின் விளக்கு எரிகிறது. படம் முழுக் கறுப்பாக உள்ளது. முதலில் செய்ய வேண்டியது
(1) விண்டோஸை மீள நிறுவுதல் (2) புதிய கமரா வாங்குதல் (3) வில்லையின் மூடியைப் பார்த்தல் (4) செலுத்தியை நீக்குதல்

3. சாதன முகாமையாளரில் குறியீடு 28 காட்டப்படுகிறது. இதன் கருத்து
(1) செலுத்தி நிறுவப்படவில்லை (2) வடம் அறுந்துள்ளது (3) வில்லை மூடியுள்ளது (4) வேறு மென்பொருள் பயன்படுத்துகிறது

4. உலாவியில் படம் வருகிறது; ஸூமில் வரவில்லை. பழுது இருக்க முடியாத இடம்
(1) ஸூமின் அமைப்பு (2) ஸூமுக்கான அனுமதி (3) கமராவின் வடம் (4) ஸூமில் செய்த கமராத் தெரிவு

பகுதி II

5. ஒரு கமரா 320 × 240 பிக்சல் படங்களை, பிக்சலுக்கு 2 பைற் வீதம், செக்கனுக்கு 15 படங்களாக அனுப்புகிறது. (அ) செக்கனுக்கு எத்தனை பிற் அனுப்பப்படும்? (ஆ) சுருக்காமல் அனுப்ப யுஎஸ்பி 1.1 போதுமா? காரணம் தருக.

6. ஒரு மாணவரின் கமரா அவரது கணினியில் இயங்கவில்லை. நண்பரின் கணினியில் இயங்குகிறது. மாணவரின் கணினியில் அதே துறையில் சுட்டியும் நன்கு இயங்குகிறது. (அ) பழுது இல்லை என இச்சோதனைகளால் அறியக்கூடிய இரண்டு பாகங்களைக் குறிப்பிடுக. (ஆ) அவர் அடுத்துச் சோதிக்க வேண்டிய மூன்று விடயங்களைத் தருக. (இ) இந்நிலையில் ஃபோமட் செய்வது ஏன் பொருத்தமற்றது?

விடைகள்

1 – (2), 2 – (3), 3 – (1), 4 – (3)

5. (அ) 320 × 240 × 2 × 15 × 8 = 18,432,000 பிற். (ஆ) போதாது. யுஎஸ்பி 1.1 இன் உயர் வேகம் செக்கனுக்கு 12 மெகாபிற் மட்டுமே. தேவைப்படுவது ஏறத்தாழ 18.4 மெகாபிற்.

6. (அ) கமரா (வடம் உட்பட), யுஎஸ்பி துறை. (ஆ) கமரா அனுமதி, மென்பொருளில் செய்த கமராத் தெரிவு, சாதனச் செலுத்தி. (இ) இம்மூன்றையும் கோப்புகளை இழக்காமலே சோதித்துத் திருத்தலாம். ஃபோமட் செய்தால் காப்புப் பிரதி இல்லாத கோப்புகள் அழியும்.

செயற்பாடு

இன்று வீட்டிலோ பாடசாலைக் கணினி அறையிலோ இயங்கும் கமரா ஒன்றை எடுத்து, ஏழு இடங்களையும் ஒவ்வொன்றாக இனங்கண்டு கொப்பியில் எழுதுங்கள். நன்றாக இயங்கும்போது பாதையை அறிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது நிற்கும்போது தடுமாற்றம் வராது. அத்துடன் உங்கள் கணினியில் உள்ள குடும்பப் படங்களுக்கும் பாடக் குறிப்புகளுக்கும் இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பரீட்சைக்குப் புள்ளி தரும் விடயங்கள் இப்பாடத்தில் பல உண்டு. இந்த ஒன்றை மட்டும் புள்ளிக்காக அல்லாமல் செய்யுங்கள்.